தனி டாக்டரா, தொடர் கிளினிக்கா, அரசாங்க கிளினிக்கா? சுங்கை சிப்புட் போன்ற ஊர்களுக்கான ஓர் அலசல்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் முப்பது, நாற்பது ஆண்டுகளாக ஒரே கடைவீட்டில் கிளினிக் நடத்திவந்த டாக்டர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓய்வு பெற்று வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மருத்துவம் படித்திருந்தாலும் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிறார்கள். பழைய பெயர்ப்பலகை இறங்கிய இடத்தில் ஒரே நிறுவனப் பெயரில் பல ஊர்களில் நடக்கும் ஒரு தொடர் கிளினிக்கின் கிளையோ, இரண்டு மூன்று இளம் டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் பொலிகிளினிக்கோ வந்துவிடுகிறது. எல்லோருக்கும் பொதுவாக அரசாங்க சுகாதார கிளினிக்கும் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களை இனி எங்கே அழைத்துப்போவது என்ற கேள்வி பல குடும்பங்களில் எழுந்திருக்கிறது.

கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டால் விடை ஒரே வரியில் முடிந்துவிடும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட். வேறு எங்கும் அந்த விலை கிடையாது. நான் வேறு அளவுகோல் வைத்திருக்கிறேன். இளவயதில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இப்போது அறுபதைத் தாண்டியவர், இனிப்புநீரும் (நீரிழிவு) இரத்தக் கொதிப்பும் உள்ள ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். இன்றைக்கு அவருக்கு யார் மருந்து கொடுக்கிறார்கள் என்பதைவிட, பத்து ஆண்டுகள் அவரைத் தொடர்ந்து யார் கவனிப்பார்கள் என்பதே முக்கியம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. இந்தியர்களிடையே அந்த விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம். ஆகவே இந்த அம்மா நம்மில் அநேகமாக ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்.

முதலில் பழைய ஏற்பாட்டைப் பார்த்துவிடுவோம். அதன் நிழல் இன்றும் நம் எதிர்பார்ப்புகளில் இருக்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரஸ்ஸர் எனப்பட்ட மருத்துவ உதவியாளரும் முதலாளிகளின் கருணையால் வந்தவை அல்ல. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தோட்ட நிர்வாகங்கள் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்து தரவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. மலேரியாவில் ஆள் விழுந்தால் பால் எடுக்க ஆள் இருக்காது என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. டிரஸ்ஸர் தோட்டத்திலேயே குடியிருப்பார். ஊரில் உள்ள டாக்டர் குறிப்பிட்ட நாள்களில் வந்து பார்த்துவிட்டுப் போவார். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965இல் ஒரு சட்டமும் வந்தது.

எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்), எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பது டிரஸ்ஸருக்கு மனப்பாடம். பிரசவம் பார்த்த வீட்டுக்கே பிறகு பிள்ளையின் காய்ச்சலுக்கும் போவார். இன்றைக்கு மருத்துவக் கல்லூரிகளில் ‘தொடர் கவனிப்பு’ என்று பாடமாக நடத்துவதை அவர் அன்றாடம் செய்துவந்தார். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். காய்ச்சல்காரரை ஓய்வில் விடுவதா, வெட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கும்போது தோட்ட நிர்வாகியான துரையின் முகத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. நோயாளியை நன்றாக அறிந்தவர், நோயாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இல்லை. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாயின, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நம்மவர்கள் ஊர்ப்பக்கம் குடிபெயர்ந்தபோது அந்த ஏற்பாடும் அவர்களைவிட்டுப் போயிற்று.

அந்த இடத்தை நிரப்பியவர் ஊரிலிருந்த தனி டாக்டர். ஐந்தடிப் பாதையில் காத்திருக்கும் நாற்காலிகள், உள்ளே ஒரு மேசை, முகப்பிலேயே மருந்து கொடுக்கும் சன்னல். பணிப்பெண் இரும்பு அலமாரியிலிருந்து ஓரம் நைந்த அட்டையை உருவி உள்ளே அனுப்புவார். மேல்வரியில் அப்பாவின் பெயர், தோட்டத்தின் பெயர். டாக்டர் அதைப் பார்த்ததும், “பெரியம்மா, செருப்பைக் கழற்றுங்கள், காலைப் பார்க்க வேண்டும்” என்பார். இனிப்புநீர் உள்ளவர்களின் காலில் உணர்ச்சி குறைந்துவிடும். முள் குத்தியது தெரியாது, புண் தெரியாது, தெரியவரும்போது விரலை எடுக்கும் நிலை வந்திருக்கும். செருப்பைக் கழற்றச் சொல்கிறாரா என்பதே ஒரு டாக்டரைப் பற்றி எனக்கு நிறையச் சொல்லிவிடும்.

தனி டாக்டரின் பலம் முழுவதும் அவருடைய நினைவில் இருக்கிறது. பலவீனமும் அங்கேதான். அவருடைய கையெழுத்தை அவர்தான் படிக்க முடியும். அவர் படுத்துவிட்டால் வேறொரு டாக்டர் தற்காலிகமாக வந்து உட்காருவார். அட்டையைப் புரட்டுவார், புரியாது, புதிதாக எழுதுவார். மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க இரண்டாவது கண் அங்கே இல்லை.

பணத்தின் போக்கையும் பார்க்கவேண்டும். மலேசியாவில் தனியார் டாக்டர்கள் தாங்களே மருந்தும் கொடுக்கிறார்கள். தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டம் 1998இல் நிறைவேறி 2006இல் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிமுறைகள் பொது மருத்துவரின் ஆலோசனைக் கட்டணத்தை 10 முதல் 35 ரிங்கிட் என்று வரையறுத்தன. கடை வாடகையும் சம்பளமும் ஏறிக்கொண்டே போக, அந்தத் தொகை ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்றது. அப்படியானால் கிளினிக் எதைக்கொண்டு நடக்கும்? மருந்தில் கிடைக்கும் லாபத்தைக் கொண்டு. உட்கார வைத்து அரைமணி நேரம் சாப்பாட்டைப் பற்றிப் பேசும் டாக்டருக்கு அதற்கென்று தனி வருமானம் இல்லை. இந்த ஏற்பாடு நல்ல டாக்டர்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயம் என்றே நான் கருதுகிறேன். 2025 மே முதல் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்கவேண்டும் என்ற உத்தரவு வந்திருக்கிறது. நோயாளிக்கு அது நல்லது. ஆனால் ஆலோசனைக்கு உரிய மதிப்புத் தராமல் மருந்து விலையை மட்டும் நெருக்கினால், சிறிய கிளினிக்குகள் தாக்குப்பிடிக்க முடியாது.

தொடர் கிளினிக்குகள் வளர்ந்தது இந்தச் சூழலில்தான். மெடிவிரோன், குவாலிடாஸ் போன்ற பெயர்களை நாடெங்கும் பார்க்கிறோம். அவற்றுக்கு மருந்தை மொத்தமாக வாங்கும் வசதி, கணினிப் பதிவு, நீண்ட நேரத் திறப்பு எல்லாம் உண்டு. பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களின் சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொள்ளும் பேனல் ஒப்பந்தங்களும் எளிதில் கிடைக்கின்றன. பேனல் என்றாலே நடுவில் ஒரு நிர்வாக நிறுவனம் இருக்கும். எதற்குப் பணம் கொடுப்பது, எவ்வளவு, எப்போது என்பதை அதுதான் முடிவு செய்யும். தனி டாக்டர் அதனுடன் பேரம் பேச முடியாது, தொடர் கிளினிக்கால் முடியும். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான ஃபோமேமா மருத்துவப் பரிசோதனை 1997 முதல் நடந்துவருகிறது. செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் அதுவும் ஒரு நிரந்தர வருமானம்.

காய்ச்சலுக்கும் எம்.சி. எனும் மருத்துவ விடுப்புச் சான்றிதழுக்கும் தொடர் கிளினிக் போதும். வேகமாக முடியும், சுத்தமாக இருக்கும், ரசீது ஒழுங்காக வரும். நம் பெரியம்மாவுக்கு அது போதாது. எனக்குத் தெரிந்த ஒரு கிளையில், ஒரு முறை பார்த்த டாக்டரை அடுத்த முறை பார்ப்பதே அபூர்வம். கணினியில் எல்லா விவரமும் இருக்கிறது, ஆனால் கணினியைப் படிப்பவர் ஒவ்வொரு முறையும் புதியவர். சிறிய ஊருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: கணக்கு உதைத்தால் கிளையை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். முடிவெடுப்பவருக்கு இந்த ஊரில் வீடு இல்லை.

இனி அரசாங்க கிளினிக். இதைப் பற்றி நம்மவர்களிடம் தவறான எண்ணங்கள் நிறைய இருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கிராமப்புறச் சுகாதாரச் சேவை 1950களில் மூன்றடுக்காகத் தொடங்கி, 1970களில் இரண்டடுக்காக மாற்றப்பட்டது. ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பேருக்கு ஒரு சுகாதார கிளினிக், 4,000 பேருக்கு ஒரு கிராம கிளினிக் என்பது திட்டம். தாய்சேய் மரணங்களை மலேசியா வெகுவாகக் குறைத்ததில் இந்த வலைக்கும் அதன் தாதியருக்கும் பெரும் பங்கு உண்டு. தோட்டங்கள் தனியார் நிலம் என்பதால் கம்பங்கள் எனும் மலாய்க் கிராமங்களுக்குக் கிடைத்த அளவு நம் மக்களுக்கு இது கிடைக்கவில்லை. ‘அது நமக்கான இடம் அல்ல’ என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்திருக்கவேண்டும். இன்று அந்தத் தடை இல்லை; எண்ணம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நீரிழிவு நோயாளிக்கென்று அங்கே தனிப் பதிவுப் புத்தகம் உண்டு. ஒவ்வொரு வருகையிலும் இரத்த அழுத்தம், எடை, சர்க்கரை எழுதப்படும். விழித்திரைப் படம், கால் பரிசோதனை, சிறுநீரகச் சோதனை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள். கட்டம் காலியாக இருந்தால் அடுத்துப் பார்ப்பவர் கேட்பார். இரண்டாவது கண் என்று நான் சொன்னது இதைத்தான். பெரிய கிளினிக்குகளில் குடும்ப மருத்துவ நிபுணரும் உணவியலாளரும் உண்டு. மாதாமாதம் மூன்று நான்கு வகை மாத்திரை வேண்டியவருக்குத் தனியாரில் ஆகும் செலவை எண்ணிப்பாருங்கள். இ.பி.எஃப். சேமநிதிப் பணம் எப்போதோ கரைந்துபோன வீட்டில், பணம் இல்லாத மாதம் மாத்திரையும் இல்லாத மாதமாகிவிடும். அதைவிட ஆபத்தானது எதுவும் இல்லை.

குறைகள் உண்மையானவை. காலையில் நம்பர் எடுத்தவர் மருந்து வாங்கி வெளியே வர மதியமாகலாம். டாக்டர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். 2016 இறுதியிலிருந்து புதிய டாக்டர்கள் ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்படுவதால் ஊரில் வேரூன்றுவது இன்னும் கடினமாகிவிட்டது. 2021 ஜூலையில் ஒப்பந்த டாக்டர்கள் வேலையைவிட்டு வெளிநடப்புச் செய்தார்கள். அந்த ஆதங்கம் நோயாளியையும் பாதிக்கிறது. இதற்குத் தீர்வாகச் சுகாதார அமைச்சு, ஊரைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே மருத்துவக் குழுவைப் பொறுப்பாக்கும் ‘குடும்ப டாக்டர்’ முறையைக் கொண்டுவந்தது. டாக்டர் மாறினாலும் குழு இருக்கும். தாதியும் துணை மருத்துவ அதிகாரியும் முகம் தெரிந்தவர்களாக இருப்பார்கள். 2017இல் ஜொகூரிலும் சிலாங்கூரிலும் 20 கிளினிக்குகளில் மேம்பட்ட அடிப்படைச் சிகிச்சை முறையையும் சோதித்துப் பார்த்தார்கள். தோட்டத்து டிரஸ்ஸருக்கு மிக நெருங்கிய வாரிசு என்று நான் கருதுவது இந்தக் குழுவைத்தான். இவர்கள் துரைக்குப் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை.

நான்காவது வழி, டாக்டர்கள் இருவரோ மூவரோ கூட்டாக நடத்தும் கிளினிக். இங்கே பிரிட்டனின் அனுபவம் கவனிக்கத் தக்கது. 1948இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது, தன் பட்டியலில் உள்ள நோயாளிகளின் தலைக்கு இவ்வளவு என்று டாக்டருக்குப் பணம் வந்தது. ஆள் வைத்தாலும் நல்ல இடம் பிடித்தாலும் செலவு அவருடையது. ஆகவே பலர் ஒற்றை அறையில் தனியாகவே காலம் தள்ளினார்கள். 1966இன் புதிய ஒப்பந்தம் பணியாளர் சம்பளத்தில் பெரும்பகுதியையும் இட வாடகையையும் அரசு திருப்பித் தரும் என்றது. அதன்பின் டாக்டர்கள் கூட்டுச் சேர்ந்தார்கள், தாதியரை அமர்த்தினார்கள், பதிவேடுகள் சீராயின. டாக்டர்களின் குணம் ஓரிரவில் மாறிவிடவில்லை. பணம் வரும் வழி மாறியது, அதனால் கிளினிக்கின் வடிவமும் மாறியது.

நம் நாட்டில் அந்தத் திசையில் சில அடிகள் வைத்திருக்கிறோம். 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், வசதி குறைந்தவர்கள் தனியார் கிளினிக்கிலேயே இலவச உடல் பரிசோதனை செய்துகொள்ளலாம். 2023இன் மடானி மருத்துவத் திட்டம் திடீர் நோய்களுக்குக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 250 ரிங்கிட் வரை கொடுத்தது. முதலில் 10 மாவட்டங்களில்தான் அது தொடங்கியது. இரண்டும் நல்லவை, இரண்டும் போதாதவை. ஒரு முறை பரிசோதிக்கப் பணம் வருகிறது. கண்ட நோயைப் பத்து ஆண்டுகள் கவனிக்கப் பணம் வருவதில்லை. துன் சம்பந்தன் இதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவர். தொழிலாளர்களின் சிறு சேமிப்பைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க, 1960இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஓய்வு பெறும் டாக்டரின் கிளினிக்கை இரண்டு இளம் டாக்டர்கள் எடுத்து நடத்த, ஊர்மக்கள் கூட்டுறவாகத் தோள்கொடுப்பது ஏன் முடியாது என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, கொழுப்பு உள்ள பெரியவர்களுக்கு அரசாங்க கிளினிக்தான் தாய்வீடாக இருக்கவேண்டும். காத்திருப்பைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இரவுக் காய்ச்சலுக்கும் பிள்ளைகளின் சளிக்கும் ஊரிலேயே குடியிருக்கும் டாக்டர்கள் நடத்தும் கூட்டுக் கிளினிக் இருந்தால் அங்கே போகலாம். இல்லையென்றால் தனி டாக்டரிடம். அவசரத்துக்குத் தொடர் கிளினிக்கைப் பயன்படுத்துங்கள், நாள்பட்ட நோயை அங்கே ஒப்படைக்காதீர்கள். ஒரே நோய்க்கு இரண்டு இடங்களில் மருந்து வாங்குவது கூடவே கூடாது. ஒரே மாத்திரை இரண்டு பெயர்களில் வீட்டுக்கு வந்து, இரண்டையும் விழுங்கிச் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

உங்கள் டாக்டர் இந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ ஓய்வு பெறப்போகிறார் என்றால், கதவு மூடும்வரை காத்திருக்க வேண்டாம். நோய் கண்ட ஆண்டு, இப்போது சாப்பிடும் மருந்தும் அளவும், ஒவ்வாத மருந்துகள், கடைசி இரத்தச் சோதனை முடிவுகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரும்படி இப்போதே கேளுங்கள். அந்தத் தாளையும் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைப் பாக்கெட்டுகளையும் ஒரே பையில் போட்டு, பெரியவரோடு நீங்களும் சுகாதார கிளினிக்குக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். முதல் நாள் கூட ஓர் ஆள் போவது மிக அவசியம். மலாயில் கேட்கும் கேள்விக்குப் புரியாமலே ‘யா, யா’ என்று தலையாட்டிவிட்டு வரும் பெரியவர்கள் நம் ஊரில் நிறைய.