துவைத்த துண்டில் வாடை: ஃப்ரண்ட் லோடு மெஷினோடு ஆறு வருடம்

போன வாரம் மெஷின் தண்ணீரை வெளியேற்றாமல் பாதியில் நின்றுவிட்டது. வந்த மெக்கானிக் ஃபில்டரில் கை வைக்கும் முன்பே கதவைத் திறந்து ஒரு முறை மூச்சை இழுத்துப் பார்த்தார். "கதவ எப்பவும் மூடியே வெப்பீங்களா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கதவைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிற ரப்பரை விரலால் பிரித்து உள்மடிப்பைக் காட்டினார். கறுப்புப் புள்ளிகள், முடி, நூல் பிசிறு, எல்லாவற்றுக்கும் மேலே பிசுபிசுவென்று ஒரு பூச்சு. அடியில் ஒரு மிடறு தண்ணீர் தேங்கியிருந்தது. அந்த வாடையை நான் நன்றாக அறிவேன். ஆறு வருடமாக முகம் துடைக்கும் துண்டில் வந்துகொண்டிருந்தது அதுதான்.

அன்று மாலையே தோழி ஒருத்தி கேட்டாள்: "துவைச்ச துணியில வாசனையே நிக்க மாட்டேங்குது, ஃப்ரண்ட் லோடு வாங்கினா சரியாகுமா?" அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபமும் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை.

கோபம் எல்லாம் அந்த ரப்பரின் மேல்தான். முன்பக்கம் கதவு இருக்கிற மெஷினில் தண்ணீர் வெளியே வராமல் தடுக்க அது வேண்டும், சரி. ஆனால் அதன் வடிவமே ஈரத்தைப் பிடித்து வைக்கிற மடிப்பு. அடிப்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன, தேங்கும் தண்ணீர் அவற்றின் வழியாக வடிய வேண்டும். என்னுடையதில் அந்த ஓட்டைகள் பிசிறால் அடைத்துக்கொண்டிருந்தன. அவை இருப்பதே எனக்குத் தெரியாது. கையேட்டை இப்போது எடுத்துப் பார்த்தேன். 'பயன்படுத்தாதபோது கதவைச் சற்றே திறந்து வைக்கவும்' என்று ஒரே ஒரு வரி, மற்ற ஐம்பது எச்சரிக்கைகளுக்கு நடுவே இருக்கிறது. அந்த வரியைக் கதவின் மேலேயே ஒட்டியிருக்க வேண்டாமா? வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் துண்டு கொடுக்கும் முன் ரகசியமாக முகர்ந்து பார்த்து, இரண்டை ஒதுக்கிவிட்டு மூன்றாவதைக் கொடுத்த நாட்கள் எனக்கு மறக்கவில்லை.

வாடை வந்தபோதெல்லாம் நான் செய்தது இரண்டே காரியம்: சோப்பு லிக்விடைக் கூட்டினேன், துணிக்குப் போடும் கண்டிஷனரைக் கூட்டினேன். இரண்டுமே தப்பு. இந்த வகை மெஷின் குறைந்த தண்ணீரில் துவைக்கிறது. நுரை பெருகினால் துணி ஒன்றோடொன்று உரசுவது குறைகிறது, அலசும் தண்ணீரும் போதுவதில்லை. மீந்த சோப்பு துணியிலும் டிரம்முக்கு வெளிப்புறத்திலும் படிகிறது. கண்டிஷனர் என்பது நூலிழை மேல் கொழுப்புப் போன்ற ஒரு மெல்லிய படலத்தைப் பூசுவது. துணி வழுவழுவென்று ஆவது அதனால்தான். அதே காரணத்தால் துண்டு தண்ணீரை உறிஞ்ச மறுக்கிறது. அந்தப் படலமும் சோப்பும் அழுக்கும் சேர்ந்ததுதான் ரப்பரில் நான் பார்த்த பிசுபிசுப்பு. ஈரவாடைக்கு மேலே பூ வாசனையை ஊற்றினால் ஈரவாடை போவதில்லை. இரண்டும் கலந்து தலைவலி தருகிற வேறொரு வாடை வருகிறது.

அப்புறம்தான் வாடை எங்கிருந்து வருகிறது என்று தேடிப் படித்தேன். 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் துவைத்த துணியின் ஈரவாடைக்குக் காரணமான ஒரு பாக்டீரியாவை அடையாளம் காட்டினார்கள். அதன் பெயர் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ். துணியில் தங்கி, ஒருவகைக் கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகிறது. ஈரத்துணி வாடை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதற்குத்தான். என்னை உலுக்கியது வேறொன்று: இந்தக் கிருமி உலர்வதையும் புற ஊதா ஒளியையும் நன்றாகத் தாங்குகிறதாம். வெயிலில் காய்ந்தால் எல்லாம் செத்துவிடும் என்று நம்பியிருந்தேன். காய்ந்த துண்டு முகர்ந்தால் ஒன்றுமில்லை, முகம் துடைத்து ஈரம் பட்டதும் வாடை கிளம்புகிறது, சட்டையை நீராவி போட்டு இஸ்திரி செய்தாலும் கிளம்புகிறது. அந்தப் புதிருக்கு விடை இதுதான். அது போகவே இல்லை, உள்ளேயே இருந்திருக்கிறது.

மெக்கானிக் சொன்னதையும் படித்ததையும் வைத்து இந்த ஒரு வாரத்தில் பழக்கத்தை மாற்றினேன். கண்டிஷனரை அடியோடு நிறுத்தினேன். துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு மூன்றையும் 60 டிகிரியில் போடுகிறேன். இத்தனை நாள் எல்லாவற்றையும் 30-இல்தான் போட்டேன். அழுக்கு போனது, கிருமி போகவில்லை. வெள்ளைத் துணிக்கும் துண்டுக்கும் லிக்விடை விட்டுப் பவுடருக்கு மாறினேன். ஆக்சிஜன் பிளீச் பெரும்பாலும் பவுடரில்தான் இருக்கும், லிக்விடில் இருக்காது. பெட்டியில் சோடியம் பெர்கார்பனேட் (அந்த பிளீச்சின் வேதிப்பெயர்) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். அது நீரில் கரையும்போது கிருமியைக் கொல்லும் ஹைட்ரஜன் பெராக்சைடு வெளிப்படுகிறது, சூடான நீரில்தான் நன்றாக வேலை செய்கிறது. பழைய வாடை ஏறிப்போன துண்டுகளை அதில் ஒரு ராத்திரி ஊறப்போட்டேன். காலையில் தண்ணீர் இருந்த நிறத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன். 'சுத்தம்' என்று மடித்து வைத்த துண்டுகள் அவை.

(குளோரின் பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். வினிகரைத் தொடர்ந்து ஊற்றினால் ரப்பரும் கெடும்.)

உடற்பயிற்சி டி-ஷர்ட்டுகள் மட்டும் இன்னும் முழுதாக வழிக்கு வரவில்லை. அவை பாலியெஸ்டர். 2014-இல் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் 26 பேரைச் சைக்கிள் மிதிக்க வைத்து, அவர்கள் போட்டிருந்த பனியன்களை மறுநாள் முகர்ந்து பார்த்திருக்கிறார்கள். பருத்தியைவிடப் பாலியெஸ்டர்தான் மோசமாக நாறியிருக்கிறது. நாற்றத்தை உண்டாக்கும் மைக்ரோகாக்கஸ் என்ற கிருமிக்கு அந்த இழை வசதியாக இருக்கிறதாம். அந்தத் துணி அதிகச் சூட்டையும் தாங்காது. கழற்றியதும் கூடையில் திணிக்காமல் கொடியில் விரித்துப் போட்டு, அன்றைக்கே துவைப்பதுதான் இப்போதைக்கு என்னால் முடிந்தது.

இவ்வளவு திட்டிவிட்டு ஒரு உண்மையைச் சொல்லாமல் போனால் அது நியாயமில்லை. இந்த மெஷினின் ஸ்பின்னைப் போல வேறு எதுவும் எனக்கு உதவியதில்லை. நிமிடத்துக்கு 1200 சுற்றில் பிழிந்து எடுத்தால் துணி கையில் கனமே இல்லாமல் வருகிறது. வாடையைப் பொறுத்தவரை, துணி எத்தனை மணி நேரம் ஈரமாக இருக்கிறது என்பதில்தான் பாதிச் சங்கதி இருக்கிறது. மழை நாளில் வீட்டுக்குள் காயப்போட்டாலும், உதறி, ஒன்றுக்கொன்று படாமல் இடைவெளி விட்டு, ஒரு ஃபேனைத் திருப்பிவிட்டால் ராத்திரிக்குள் காய்ந்துவிடுகிறது. எப்போது துவைத்து முடிக்க வேண்டும் என்று நேரம் குறிக்கிற பட்டன் ஒன்று இருக்கிறது. முதல் நான்கு வருடம் அதைத் தொடவே இல்லை. இப்போது காலை ஆறு மணிக்கு முடியும்படி வைத்துவிட்டுத் தூங்குகிறேன். எழுந்ததும் நேராகக் கொடிக்குப் போகிறது. முன்பெல்லாம் இரவே துவைத்து முடிந்து, விடியும்வரை டிரம்முக்குள் புழுங்கிக் கிடக்கும்.

நேற்று அந்தத் துண்டுகளை மொட்டை மாடி வெயிலில் போட்டு எடுத்தேன். கண்டிஷனர் ஒரு சொட்டு இல்லை. மடிக்கும்போது ஒரு வாசனை வந்தது. சின்ன வயதுக்குப் பிறகு என் துணியில் அது வந்ததே இல்லை. நினைப்பால் வந்த மயக்கமோ என்றுகூட எண்ணினேன், இல்லை. 2020-இல் கோபன்ஹேகனில் சில வேதியியலாளர்கள் துண்டுகளை வீட்டுக்குள்ளும், வெளியே நிழலிலும், வெயிலிலும் தனித்தனியாகக் காயவைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். வெயிலில் காய்ந்தவற்றில் மட்டும் ஆல்டிஹைடு, கீட்டோன் வகை மணப்பொருள்கள் உருவாகியிருந்தன. அவற்றில் சில பூக்களிலும் பழங்களிலும் வாசனைத் திரவியங்களிலும் இருப்பவை. ஈரத்துணியும் வெயிலும் சேர்ந்தால் வாசனை தானாகவே பிறக்கிறது. அதை விட்டுவிட்டு ஆறு வருடமாகப் பாட்டில் பாட்டிலாகக் கண்டிஷனர் வாங்கி ஊற்றியிருக்கிறேன்.

அலமாரியைப் பற்றி ஒரு வார்த்தை போதும். இஸ்திரி போட்ட சூட்டோடு துணியை உள்ளே அடுக்காதீர்கள், அதில் ஈரம் இருக்கும். கொஞ்ச நேரம் வெளியே ஆறட்டும்.

மெக்கானிக் பம்பில் சிக்கியிருந்த ஹேர்பின்னை எடுத்தார், ரப்பரையும் புதிதாக மாற்றிக் கொடுத்தார். இப்போது துவைத்து முடித்ததும் மடிப்பைத் துணியால் துடைக்கிறேன். சோப்புத் தட்டைக் கழற்றிக் காயவைக்கிறேன். மாதம் ஒரு முறை துணியே போடாமல் அதிகச் சூட்டில் ஓட்டச் சொல்லியிருக்கிறார். கதவு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவே ஒரு துணிச்சுருள் வைத்திருக்கிறேன். ஆனால் சின்னக் குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் டிரம்முக்குள் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது இன்னொரு கவலை. இன்று காலை முகம் கழுவிவிட்டுத் துண்டை முகத்தில் அழுத்திப் பார்த்தேன். வாடை இல்லை.

துவைப்பில் குறை சொல்ல முடியாத மெஷின், தண்ணீர் மிச்சம், ஸ்பின் அபாரம், துணியும் கிழியாது. ஆனாலும் நீ கேட்டதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். துணியை மணக்க வைக்க வாங்கிய ஒரு பொருளை நான் தினமும் துடைத்து, காயவைத்து, காவல் காக்க வேண்டியிருக்கிறது. டாப் லோடிலும் டிரம்முக்கு வெளியே அழுக்குப் படியும், அது எனக்குத் தெரியும். ஆனால் அதில் இந்த ரப்பர் மடிப்பு இல்லை. டாப் லோடே வாங்கு. அதன் மூடியையும் திறந்தே வை.