லைசியமா, பாரிஸா? பாப் மார்லியின் இரண்டு மேடைகள்

ஜமைக்காவின் ரெக்கே பாடகர் பாப் மார்லியும் அவரது குழுவான வெய்லர்ஸும் மேடையில் எப்படி வாசித்தார்கள் என்று கேட்டால், ரசிகர்கள் உடனே இரண்டு ஆல்பங்களைச் சொல்வார்கள். 1975 ஜூலையில் லண்டன் லைசியம் தியேட்டரில் பதிவான 'லைவ்!' ஒன்று. 1978இல் இரட்டை இசைத்தட்டாக வந்த 'பாபிலோன் பை பஸ்' இன்னொன்று. இரண்டாவதில் பெரும்பகுதி அந்த ஆண்டு ஜூனில் பாரிஸின் பவியோன் த பாரி அரங்கில் பதிவானது. லைசியம் சுமார் 2,000 பேர் கொள்ளும் பழைய நாடக அரங்கு. பாரிஸ் அரங்கமோ ஒரு காலத்தில் மாடு வெட்டும் கூடமாக இருந்த பிரம்மாண்டமான கொட்டகை. 10,000 பேர் வரை நிற்க இடமிருந்தது.

ரெக்கே இசைக்கு அரங்கின் அளவில் உள்ள இந்த வித்தியாசம் சாதாரண விஷயமில்லை. ரெக்கேவின் அடிப்படையான 'ஒன் டிராப்' தாளத்தில் முதல் அடி காலியாக இருக்கும், மூன்றாவது அடியில்தான் டிரம் விழும். அந்தக் காலி இடம்தான் இசையின் உயிர். பெரிய கூடத்தில் எதிரொலி வந்து அதில் உட்கார்ந்துகொள்ளும்.

லைசியத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஏழே பாட்டு, ஒன்றும் வீணில்லை. 'நோ வுமன் நோ க்ரை' பாட்டில் ஆர்கன் தொடங்கியதுமே, மார்லி வாய் திறக்கும் முன்பே, கூட்டம் பல்லவியை எடுத்துவிடுகிறது. ஸ்டுடியோவில் டிரம் மெஷின் வைத்துச் செய்த பதிவு இதற்குப் பக்கத்தில் வெறும் ஒத்திகை மாதிரிதான் இருக்கிறது. உலகம் நினைவில் வைத்திருப்பதும் இந்த மேடைப் பதிவைத்தான்.

பாரிஸில் குழுவே பெருத்துவிட்டது. ஜூனியர் மார்வின், அல் ஆண்டர்சன் என்று இரண்டு லீட் கிட்டார். கீபோர்டுக்கு டைரோன் டௌனி, ஏர்ல் லிண்டோ. காலி இடத்தை எதிரொலி நிரப்பும் முன் இவர்களே நிரப்பிவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது. ராக் வாடை அடிக்கிறது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. கிட்டார் சில இடங்களில் அளவுக்கு மீறி அலைகிறது என்பதும் உண்மை. ஆனால் 'எக்ஸோடஸ்' பாட்டைக் கேளுங்கள். கார்ல்டன் பாரெட்டின் டிரம் நான்கு அடியும் விடாமல் நடக்க, அண்ணன் ஆஸ்டனின் பேஸ் கிட்டார் கூடவே உருள்கிறது. இந்தப் பாட்டுக்குப் பெரிய கொட்டகைதான் சரி.

'லைவ்லி அப் யுவர்செல்ஃப்' இரண்டு ஆல்பத்திலும் இருப்பதால், அதை அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கலாம். எனக்கு லைசியத்துப் பதிவுதான். குழுவினர் ஒருவரையொருவர் கேட்டு வாசிப்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் லைசியம். வீட்டில் நல்ல பேஸ் தரும் ஸ்பீக்கர் இருந்தால் அப்புறம் பாரிஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம், பாரெட் சகோதரர்களில் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்.