பெப்டைடுக் கரைசலும் சிரிஞ்ச் வடிகட்டியும்: சவ்வு முக்கியமா, விட்டம் முக்கியமா?

உலர்த்தி வைத்த பெப்டைடை (புரதத்தைப் போன்ற, ஆனால் அதைவிடச் சிறிய அமினோ அமிலச் சங்கிலி) கரைத்து, சிரிஞ்சின் முனையில் மாட்டும் 0.22 மைக்ரான் துளையளவுள்ள வட்ட வடிகட்டி வழியே செலுத்தும்போது இழப்பு இரண்டு வகைகளில் நேர்கிறது. வடிகட்டியின் கூட்டுக்குள்ளும் சவ்வின் துளைகளிலும் திரவம் தங்கிவிடுவது ஒன்று. பெப்டைடு மூலக்கூறுகள் சவ்வின் மேல் ஒட்டிக்கொள்வது மற்றொன்று. முன்னதில் கரைசலின் அளவு குறைகிறது. பின்னதில் அளவு குறையாமல் செறிவு மட்டும் குறைவதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. வடிகட்டி வாங்குவோர் பெரும்பாலும் சவ்வு எந்த வகை என்றே கேட்கிறார்கள். ஆனால் ஒரு மி.லி.க்குச் சில மி.கி. என்ற செறிவில் கரைசல் தயாரிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது வடிகட்டியின் விட்டத்தைத்தான்.

5 மி.கி. பெப்டைடை 2 மி.லி. கரைப்பானில் கரைத்ததாகக் கொள்வோம். 25 மி.மீ. வடிகட்டியில் ஏறத்தாழ 0.1 மி.லி. தங்கிவிடும், அதாவது 0.25 மி.கி., மொத்தத்தில் 5 விழுக்காடு. 13 மி.மீ. வடிகட்டியில் தங்குவது 0.02 மி.லி. அளவே என்பதால் இழப்பு ஒரு விழுக்காட்டை ஒட்டி நின்றுவிடுகிறது. 4 மி.மீ. வடிகட்டியில் இன்னும் குறைவு, ஆனால் அது ஒரு மி.லி.க்கு உட்பட்ட அளவுகளுக்கே ஏற்றது. சிறிய வடிகட்டிக்கு ஒரு குறை உண்டு: பரப்பு குறைவு என்பதால் கரைசல் சற்றே கலங்கியிருந்தாலும் விரைவில் அடைத்துக்கொள்ளும். அப்போது 1 மி.லி. சிரிஞ்சைக் கொண்டு பலமாக அழுத்துவது ஆபத்து. சிரிஞ்சைத் தள்ளும் தண்டு மெலிதாக இருக்க இருக்க அதே கைவிசை கூடுதல் அழுத்தமாக மாறி, சவ்வையே கிழித்துவிடக்கூடும். திருகிப் பூட்டும் லூயர் லாக் முனையுள்ள அகன்ற சிரிஞ்சே இதற்குப் பாதுகாப்பானது. எடுத்த எடுப்பிலேயே 10 மி.லி. அளவில் வேலை செய்பவருக்கு இந்தக் கவலை தேவையில்லை, 25 மி.மீ. போதும்.

தங்கிய திரவத்தை மீட்பதற்குக் காற்றை அனுப்புவதும் கரைப்பானைக் கொண்டு கழுவுவதும் போட்டி வழிகள். காற்று வழி எளிது: கரைசலை உறிஞ்சிய பின் சிரிஞ்சின் முனையை மேல்நோக்கிப் பிடித்துச் சிறிது காற்றையும் இழுத்துக்கொண்டு, வடிகட்டியை மாட்டி, முனையைக் கீழ்நோக்கித் திருப்பினால், காற்று தண்டின் பக்கம் ஏறிக் கடைசியில் திரவத்தைத் தள்ளும். இதில் கரைசல் நீர்த்துப்போவதில்லை. ஆனால் நனைந்த 0.22 மைக்ரான் சவ்வின் துளைகள், 3 பாரை மிஞ்சும் அழுத்தம் வராதவரை, காற்றை வழிவிடுவதில்லை. எனவே சவ்வுக்கு முன்னால் இருக்கும் திரவம் வெளியேறுமே தவிர, துளைகளிலும் சவ்வுக்குப் பின்னாலும் இருப்பது அங்கேயே நின்றுவிடும். இதே காரணத்தால், வடிகட்டி மாட்டியிருக்கும்போது தண்டைப் பின்னுக்கு இழுத்துக் காற்றை நிரப்ப முயலவும் கூடாது.

கழுவும் வழி முழுமையானது, நீர்த்துப்போகும் என்பதே அதன் மீதான புகார். அந்தப் புகாரைக் கணக்கால் தீர்த்துவிடலாம். கரைப்பான் முழுவதையும் முதலிலேயே ஊற்றாமல், 1.8 மி.லி.யில் பெப்டைடைக் கரைத்து வடிகட்டிவிட்டு, அதே கரைப்பானில் 0.3 மி.லி.யைப் பின்னால் அனுப்பினால், 0.1 மி.லி. வடிகட்டியில் தங்கிய பிறகும் குப்பியில் சேர்வது 2 மி.லி.தான். உள்ளே இருந்த கரைசலோடு கழுவுநீர் முற்றிலும் கலந்துவிட்டதாகவே கொண்டாலும், தங்குவது 0.07 மி.கி. மட்டுமே. 25 மி.மீ. வடிகட்டிதான் கையில் இருக்கிறது என்பவருக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. குறைந்த கரைப்பானிலும் பெப்டைடு முழுமையாகக் கரைய வேண்டும் என்பதே ஒரே நிபந்தனை. வடிகட்டியை முன்கூட்டியே நனைத்து வைப்பது வேறு கதை: அது ஓட்டத்தைச் சீராக்கும், கடைசியில் தங்கும் அளவைக் குறைக்காது.

சவ்வின் வகை எப்போது முன்னுக்கு வருகிறது என்றால், கரைசல் மிக நீர்த்திருக்கும்போது. குறைவாக ஒட்டும் நீர்நாட்டமுள்ள பிவிடிஎஃப் (பாலிவினைலிடின் ஃபுளூரைடு என்ற பிளாஸ்டிக்) சவ்வு, புரதத்தை வைத்து அளந்த கணக்கில், ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 4 மைக்ரோகிராம் பிடித்துக்கொள்ளும், 25 மி.மீ. வடிகட்டியின் நான்கு சதுர செ.மீ. பரப்பில் அது 16 மைக்ரோகிராம். 5 மி.கி.யில் இது பொருட்டே அல்ல. மொத்தமே 100 மைக்ரோகிராம் என்றால் ஆறில் ஒரு பங்கு போய்விடும். பாலிஈதர்சல்போனும் மீளாக்கச் செல்லுலோஸும் இதே அணியைச் சேர்ந்தவை. நைலானையும் நைட்ரோசெல்லுலோஸ் கலந்த சவ்வுகளையும் பெப்டைடுக்கு எடுக்கவே கூடாது. அவை புரதத்தை இழுத்துப் பிடிப்பதில் பெயர்பெற்றவை. பெப்டைடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஒட்டும் என்பதால், வடிகட்டும் முன்னும் பின்னும் செறிவை அளந்து பார்ப்பதே நம்பகமானது.

அரை மி.லி.க்கும் குறைவான மாதிரிக்கு மையவிலக்கு வடிகட்டிக் குழாய் (வேகமாகச் சுழற்றும்போது திரவம் சவ்வு வழியே இறங்கும் சிறு குழாய்) இவை அனைத்தையும் மிஞ்சும். அதில் தங்குவது சில மைக்ரோலிட்டரே. துகள்களை அகற்றுவது மட்டுமே நோக்கமென்றால், வடிகட்டாமல் மையவிலக்கில் சுழற்றி மேல்திரவத்தை எடுத்துக்கொள்வதும் ஒரு வழி, ஆனால் அதனால் நுண்ணுயிர் நீங்காது. கரைசலில் கட்டிகள் கண்ணுக்குத் தெரிந்தால் எந்த வடிகட்டியையும் தேடுவதற்கு முன் கரைப்பானின் காரஅமில நிலையை (pH) மாற்றிப் பார்க்க வேண்டும். கட்டியாகத் திரண்ட பெப்டைடு சவ்வின் மேலேயே நின்றுவிடும், அதை எந்தக் கழுவலும் மீட்டுத் தராது.