பழைய மேசைக்கு பிரெஞ்சு லுக், தெஹிவளைல ஒரு கடை

பேர் போடேல்ல, ஏனெண்டா குறையும் சொல்லப்போறன். இடிக்கிற பழைய வீடுகள்ல இருந்து வாற அலுமாரி, மேசை, ஜன்னல் கதவு எல்லாத்துக்கும் வெள்ளை, சாம்பல், வெளிர் நீலம் எண்டு சோக் பெயின்ட் (மினுக்கமில்லாம சோக் மாதிரி மங்கலா காயிற பெயின்ட்) அடிச்சு, ஓரத்த மட்டும் சாண்ட்பேப்பரால உரசி மரம் தெரிய விட்டு விக்கிறாங்க. தளபாடத்துக்குப் பேர்போன மொரட்டுவைல புதுசா செய்விக்கிறத விட நல்ல மலிவு. நான் எடுத்தது பதினஞ்சாம் லூயி ஸ்டைல்ல கால் வளைஞ்ச சின்ன மேசை, உள்ளுக்க அசல் தேக்கு, லாச்சிய இழுத்துப் பாத்தா மூலைல ஆணியே இல்ல, மரத்துக்குள்ள மரம் கோத்த பழைய மூட்டு அப்பிடியே இறுக்கமா இருக்கு, அதுக்கே காசு குடுக்கலாம்.

பூச்சுலதான் பிரச்சினை. சோக் பெயின்ட் 1990ல பிரித்தானியப் பெயின்ட் நிபுணர் ஆனி ஸ்லோன் கொண்டு வந்தது, பெருசா உரசாம நேரா அடிக்கலாம், அதுதான் வசதி, ஆனா தேக்கு, மஹோகனிக்கு முதல்ல ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) ஒரு கை அடிக்காட்டி மரத்தின்ட கறை வெள்ளைக்கு மேல மஞ்சளா ஊறி வரும். என்ர மேசைல மூலைல தேத்தண்ணி சிந்தின மாதிரி ஒரு திட்டு. சொன்னதும் முகம் சுளிக்காம திருப்பி அடிச்சுத் தந்தாங்க, சும்மா சொல்லக்கூடாது.

மேல வெறும் வெக்ஸ்தான் பூசுறாங்க, சூடான கோப்பை வச்சா வட்டம் விழும், சாப்பாட்டு மேசை எண்டா வார்னிஷ் கேளுங்க. அலுமாரி எடுக்கிறவங்க பின்பலகையத் தட்டிப் பாருங்க, பூச்சி அரிச்ச தூள் கொட்டினா விட்டுட்டு வாங்க.