மூன்று வீடு, மூன்று வெளிச்சம்: வடசென்னையில் பிள்ளையை எங்கே விடுவது?

‘நல்லா வெளிச்சமா இருக்கும் மேடம்.’ மூன்று வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள். மூன்றுமே பொய்யில்லை. எந்த நேரத்து வெளிச்சம், அந்த நேரத்தில் பிள்ளை வீட்டின் எந்த மூலையில் இருப்பான் என்று துருவினால்தான் கதை மாறுகிறது.

எனக்குப் பாரிமுனையில் வேலை, வீடு தண்டையார்பேட்டை. இரண்டரை வயதுப் பையனைக் காலை எட்டரைக்கு விட்டு, சாயங்காலம் ஆறரைக்குக் கூட்டிவர வேண்டும். அம்மா ஊருக்குப் போய்விட்டதால் சித்திரை மாதம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினேன். போர்டு மாட்டிய பெரிய பிளே ஸ்கூல் வேண்டாம், ஐந்தாறு பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் போதும் என்று முடிவு. கடைசியில் மூன்று மிஞ்சின. பெரம்பூரில் ஓர் அடுக்குமாடி ஃப்ளாட், கொருக்குப்பேட்டையில் ஒரு மொட்டைமாடி வீடு, பழைய வண்ணாரப்பேட்டையில் முற்றம் வைத்த பழைய வீடு. சாப்பாடு, சுத்தம், பிள்ளைகளிடம் பேசும் விதம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்.

பெரம்பூரில் மாதம் ஏழாயிரம். இரண்டாவது மாடி, ஹாலின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு, வெள்ளை டைல்ஸ். நான் போனது காலை பத்தரைக்கு. பளிச்சென்று இருந்தது. அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கைவிட்டேன், சில்லறை சரியாக இல்லை, நாளைக்கு வருகிறேன் என்று வந்துவிட்டேன். அந்தச் சில்லறைதான் காப்பாற்றியது. மறுநாள் போனது மூன்று மணிக்கு. கண்ணாடி முழுக்கக் கனத்த திரை, ஏசி, ஒரே ஒரு டியூப்லைட், மூலையில் டிவியில் கார்ட்டூன். ‘மத்தியானம் ஆயிட்டா இந்தப் பக்கம் நெருப்பு மேடம், திரைய எடுக்கவே முடியாது’ என்றார் டீச்சர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கண்ணாடி பார்ப்பது மேற்கு.

சென்னை இருப்பது வடக்கே 13 பாகையில். சித்திரை நடுவிலும் ஆவணித் தொடக்கத்திலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும். அதனால் இங்கே வெயிலை வாங்கிக் கட்டிக்கொள்வது மொட்டைமாடியும் கிழக்கு, மேற்குச் சுவர்களும்தான். கிழக்கு வெயிலாவது பத்து, பத்தரைக்குள் விலகிவிடும். மேற்கு வெயில், சுவரும் காற்றும் ஏற்கெனவே சூடேறிய நேரத்தில் வந்து விழும். ஆக, விளம்பரத்தில் ‘காற்றோட்டம், வெளிச்சம்’ என்று போடத்தக்க அந்த ஃப்ளாட்டில் பிள்ளை இருக்கும் பத்து மணி நேரத்தில் பாதி திரைக்குப் பின்னால்தான் போகிறது.

இன்னொன்று, கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வைட்டமின் டி கிடைக்காது. அதைத் தோலில் உண்டாக்கும் புற ஊதா பி கதிரைச் சாதாரண ஜன்னல் கண்ணாடியே ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். சூடு வரும், வெளிச்சம் வரும், தோல்கூடக் கறுக்கும். எலும்புக்கு வேண்டியது மட்டும் வெளியே நின்றுவிடும்.

போனில் வெளிச்சம் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு சுற்றினேன். கருவிபோல அவ்வளவு துல்லியம் கிடையாது, ஆனால் வித்தியாசம் கண்கூடு. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். திரை போட்ட ஹாலில் 100 லக்ஸ்கூட வரவில்லை. கீழே இறங்கி வேப்பமரத்து நிழலில் நின்றால் 12,000. நம் கண் தன்னைத் தானே சரிசெய்துகொள்வதால் இந்த நூறு மடங்கு நமக்கு உறைப்பதே இல்லை. ‘வீட்டுக்குள்ளயே நல்ல வெளிச்சம்தானே’ என்று நாம் ஏமாறுவதும் இதனால்தான்.

இது ஏன் முக்கியம் என்றால், கிட்டப்பார்வை. சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினம் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டில் கிட்டப்பார்வை வந்தவர்கள், வெளியே விட்ட பள்ளிகளில் 30.4 விழுக்காடு, விடாத பள்ளிகளில் 39.5. முடிவு 2015இல் வெளியானது. பிரகாசமான வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமின் சுரந்து, கண்விழி அளவுக்கு மீறி நீளாமல் பிடித்துவைக்கிறது என்பதுதான் இப்போது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அந்தப் பிள்ளைகள் ஆறு வயதுக்காரர்கள், என் பையனுக்கு இரண்டரை. அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆனால் ஆறு வயதில் திடீரென்று வெளியே ஓடும் பழக்கம் எங்கிருந்து வரும்?

கொருக்குப்பேட்டை வீட்டைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மொட்டைமாடியில் ஷீட் போட்ட கொட்டகை, மூன்று பக்கம் திறப்பு, வெளிச்சத்துக்குப் பஞ்சமே கிடையாது. மாதம் நாலாயிரம். பதினொரு மணிக்கு ஷீட்டுக்கு அடியில் ஐந்து நிமிடம் நின்றேன், முதுகு நனைந்துவிட்டது. அங்கே இருந்த ஒரு பாப்பாவுக்குக் கழுத்து முழுக்க வேர்க்குரு. கத்திரி வெயில் அப்போது தொடங்கக்கூட இல்லை. சின்னப் பிள்ளைகளின் உடம்பு நம்மைவிடச் சீக்கிரம் சூடேறும். கூரைக்கு வெள்ளையடித்து, கீழே தென்னங்கீற்று கட்டினால் தை, மாசியில் இதைவிட நல்ல இடம் கிடையாது. பங்குனி முதல் ஆனி வரை கூடவே கூடாது.

வண்ணாரப்பேட்டை வீட்டைப் பார்த்ததும் முதலில் திரும்பிவிடத்தான் நினைத்தேன். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு ஒட்டிய பொதுச் சுவர். தெருப்பக்கம் ஒரே ஜன்னல், அதை மறைத்து மூன்று பைக். முன்னறை இருட்டு, ஆப்பில் 60. ஆனால் ரேழியைத் தாண்டினால் ஆறடிக்கு எட்டடியில் ஒரு முற்றம், மேலே இரும்புக் கம்பி மட்டும், அதற்கு மேலே வானம். நிழலில் போனை நீட்டியதும் எட்டாயிரத்தைத் தாண்டியது.

அன்றைக்குப் பதினொன்றரை இருக்கும். சிவப்பு ஆக்சைடு தரையில் கம்பிகளின் நிழல் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. ஒரு பொண்ணு சாக்பீஸால் அந்தக் கட்டங்களின் மேலேயே கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் வருவதற்குள் நிழல் நகர்ந்துவிட்டிருந்தது. ‘அக்கா, இது ஓடுது’ என்று புகார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த வீட்டு அக்கா வெங்காயம் உரித்தபடியே, ‘ஓடுனா நீயும் கூட ஓடு’ என்றார். என் பையன் அதற்குள் என் கையை விட்டுவிட்டுக் கட்டத்துக்குக் கட்டம் தாவ ஆரம்பித்துவிட்டான்.

இங்கேயும் குறை இல்லாமல் இல்லை. முற்றத்து ஓரத்தில் தண்ணீர் ட்ரம் மூடாமல் இருந்தது. டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது, நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் திறந்த ட்ரம் இருந்தால் வெளிச்சத்தின் பலன் அத்தனையும் அடிபட்டுவிடும். மூலையில் கொஞ்சம் பாசி, வழுக்கும். தெரு ஜன்னலின் கொசுவலையில் விரலை வைத்துத் தேய்த்தேன், மை தொட்டதுபோல் கறுப்பு. லாரிப் புழுதி. வடசென்னையில் வலை அடைத்துக்கொள்ள மாதக்கணக்கெல்லாம் வேண்டாம். அக்கா அடுத்த ஞாயிறே அதைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவினார், பைக்குகளையும் எதிர்ப்பக்கம் நிறுத்தச் சொன்னார். அதே முன்னறை 60இலிருந்து 150க்கு வந்தது. செலவு ஒரு ரூபாய் சோப்புத்தூள்.

வருடம் முழுக்க அந்த முற்றம் இப்படியே இருக்காது என்பதையும் கணக்குப் போட்டேன். மார்கழியில் உச்சி வெயில் தெற்கே 36 பாகைக்கு மேல் சாய்ந்துவிடும். பத்தடிச் சுவரின் நிழல் ஏழடிக்கும் மேல் நீளும், முற்றத்தின் அகலமோ ஆறடி. அப்போது வெயில் தரையைத் தொடாது, வடக்குச் சுவரில் இரண்டடி உயரத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும். வெளிச்சம் இருக்கும், வெயில் இருக்காது.

‘காலையில ஏழு மணி இளவெயில்ல காட்டுனா வைட்டமின் டி வந்துடும்’ என்று என் மாமியார் முதல் ஆட்டோக்கார அண்ணன் வரை எல்லோரும் சொல்கிறார்கள். நம் நிழல் நம்மைவிட நீளமாக இருக்கும்வரை வைட்டமின் டிக்கு வேண்டிய அந்தப் புற ஊதா பி கதிர் போதுமான அளவு தரைக்கு வருவதில்லை. சித்திரையிலேயே நிழல் ஆள் உயரத்துக்குக் குறுக ஒன்பது மணி ஆகும். அதன் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம், கை கால் தெரிய, கண்ணில் நேர் வெயில் படாமல் என்பதே சரி. குளிர்காலத்துக்கும் கைக்குழந்தைக்கும் வெயிலை நம்பாமல் டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. ஒரு வயது வரை தினம் 400 யூனிட் சொட்டு மருந்தை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமே பரிந்துரைக்கிறது. இளவெயில் வீண் என்று சொல்லவில்லை. உடம்புக் கடிகாரத்துக்கு அதுதான் சாவி. காலையில் நல்ல வெளிச்சம் பட்ட பிள்ளைக்கு ராத்திரி தூக்கம் நேரத்துக்கு வரும்.

தூக்கம் என்றதும் பெரம்பூர் டிவிக்கு ஒருமுறை திரும்ப வேண்டும். அமெரிக்காவில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரைத் தூங்கப்போகும் முன் ஒரு மணி நேரம் 1,000 லக்ஸ் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த சிறிய ஆய்வு 2018இல் வந்தது. தூக்க ஹார்மோனான மெலடோனின் 88 விழுக்காடு அமுங்கிப்போனது. டிவி அவ்வளவு வெளிச்சம் தராது, உண்மைதான். ஆனால் பகலெல்லாம் மங்கல், சாயங்காலம் மட்டும் பளபளப்பு என்பது எப்படிப் பார்த்தாலும் தலைகீழ்.

எனவே வண்ணாரப்பேட்டை. மாதம் நாலாயிரத்து ஐந்நூறு. பெரம்பூர் ஃப்ளாட்டின் கண்ணாடி மட்டும் கிழக்கே பார்த்து, டீச்சர் தினம் அரைமணி நேரம் கீழே இறக்கிவிட ஒத்துக்கொண்டிருந்தால் அங்கேயே சேர்த்திருப்பேன். ‘ஆறு பேரையும் வச்சுக்கிட்டு எப்படி மேடம் படி இறங்குறது’ என்றார். நியாயம்தான், படியில் பிள்ளை விழுந்தால் யார் பதில் சொல்வது. முற்றத்துக்குப் படி கிடையாது. கதவைத் திறந்தால் பிள்ளைகள் தாமாகவே வெளியே போய்விடுகிறார்கள். வண்ணாரப்பேட்டை ஜெயித்தது அங்கேதான்.

அக்காவிடம் மூன்று கேட்டேன். ட்ரம்முக்கு மூடி, பாசிக்கு வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர், ஒன்பதரை மணிக்கு எல்லாரும் முற்றத்தில். மூன்றுக்கும் தலையாட்டினார். ஐப்பசி மழையில் முற்றத்துக்கு மேல் தார்ப்பாய் கட்டிவிடுவார்களே, அப்போது என்ன செய்வது என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்தார். ‘மழை விட்ட அன்னிக்கெல்லாம் தெரு முனை பிள்ளையார் கோயில் வரைக்கும் கயிறு புடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டு வரேம்மா. தண்ணி நின்னா மட்டும் கேக்காத.’