ரசீதிலேயே எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை

மதுரையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பது வருடம் ஆங்கிலம் எடுத்தவள் நான். சம்பளம் போதவில்லை. சென்னையில் இ-லேர்னிங் கம்பெனிகளில் 'இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர்' (இணையவழிப் பாடங்களை வடிவமைப்பவர்) வேலைக்கு ஆசிரியர்களை விரும்பி எடுக்கிறார்கள் என்று பழைய சகா ஒருத்தி சொன்னாள். அன்று ராத்திரி அதற்கான படிப்புகளைக் கூகுளில் தேடினேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கே ஒரு பயிற்சிக் கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது.

"மேடம், பல்கலைக்கழக பிஜி டிப்ளமோ. பதினோரு மாசம், முழுக்க ஆன்லைன். உங்க அனுபவத்துக்கு முப்பது சதவீதம் ஸ்காலர்ஷிப் போட்டிருக்கேன். ஆனா இன்னைக்கு ராத்திரி பன்னிரண்டோட முடியுது."

தள்ளுபடி போகக் கட்டணம் 1,18,000 ரூபாய். வட்டியில்லாத் தவணை என்றார்கள். ஓடிபி கேட்டார்கள், சொன்னேன். அது என் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுத்த கடன் என்பது, முதல் தவணை பிடித்ததாகக் குறுஞ்செய்தி வந்தபோதுதான் உறைத்தது. ஏழு நாளுக்குள் விலகினால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்பது விதி. பாடத் தளத்துக்குள் நுழைய எனக்குக் கடவுச்சொல் வந்தது எட்டாம் நாள்.

பாடம் எப்படி? பாடவடிவமைப்பில் எல்லோரும் முதலில் படிப்பது 'ஆடி' (ADDIE) என்ற முறை. பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயல்படுத்தல், மதிப்பீடு என்று ஐந்து படி. 1975இல் அமெரிக்க ராணுவத்துக்காக ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஒரு மணி நேரத்தில் சொல்லி முடித்து, அப்புறம் செய்யவைத்துப் பழக்க வேண்டிய விஷயம். இங்கே மூன்று வாரம் ஸ்லைடைப் பார்த்து வாசித்தார்கள். எனக்குக் கிடைத்த ஸ்காலர்ஷிப்பும் ஆடித் தள்ளுபடிதான் என்று எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கிண்டல். அத்தனை பேருக்கும் அதே முப்பது சதவீதம்!

'பாடம் தயாரிக்கும் ஸ்டோரிலைன் மென்பொருள் இலவசம்' என்றார்களே, அது யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய 30 நாள் சோதனைப் பதிப்பு. ப்ராஜெக்ட் என்பது ஏற்கெனவே செய்து வைத்த தீயணைப்பான் பயிற்சி ஒன்று. அதில் நிறத்தையும் பெயரையும் மாற்றிக் கொடுத்தால் போதும்.

அதைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு இன்டர்வியூ போனேன். எதிரே இருந்த அம்மா முதல் ஸ்லைடைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். "இந்த சிவப்பு சிலிண்டரை இந்த மாசம் மூணாவது தடவை பார்க்கிறேன்." அப்புறம் தன்மையாகத்தான் கேட்டார்: இதை யார் படிக்கப் போகிறார்கள், சமையல்காரரா, காவலாளியா? ஸ்டோரிபோர்டு, அதாவது ஒவ்வொரு திரையிலும் என்ன வரும் என்ற வரைவு, எங்கே? 'நெக்ஸ்ட்' பட்டனை ஏன் பூட்டி வைத்தீர்கள்? ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. ஒன்பது வருடம் வகுப்பெடுத்தவளுக்கு 'யாருக்காக' என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் போனதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்து ரசீதை எடுத்துப் பார்த்தேன். கட்டணம் 1,00,000, ஜிஎஸ்டி 18,000. ஆடிட்டர் மாமாவிடம் காட்டினால் தலையில் அடித்துக்கொண்டார். சட்ட அங்கீகாரமுள்ள பட்டம், டிப்ளமோவுக்குப் பல்கலைக்கழகம் வாங்கும் கல்விக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாதாம். "பதினெட்டு சதவீதம் போட்டிருக்கான்னா இது கோச்சிங் கிளாஸ்னு அவனே ஒத்துக்கிட்டான்மா." ரசீதில் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லை. சான்றிதழ் மாதிரியில் அதன் சின்னம் மூலையில் சின்னதாக இருந்தது, கையெழுத்து கம்பெனி இயக்குநருடையது. பெயரும் 'எக்ஸிக்யூட்டிவ் சர்டிஃபிகேட்'. டிப்ளமோ என்ற வார்த்தை போனில் மட்டும்தான் இருந்திருக்கிறது.

ஆன்லைனில் பட்டமோ முதுநிலை டிப்ளமோவோ தர ஒரு பல்கலைக்கழகம் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) தொலைநிலைக் கல்விப் பிரிவு விதிப்படி அனுமதியோ தகுதியோ பெற்றிருக்க வேண்டும். அப்படிப்பட்ட படிப்புகளின் பட்டியல் அந்தப் பிரிவின் தளத்திலேயே இருக்கிறது. ஐந்து நிமிட வேலை, நான் செய்யவில்லை. தனியார் கம்பெனிக்குக் கிளை உரிமை கொடுத்து இப்படிப் படிப்பு நடத்தக் கூடாது என்று 2022 ஜனவரியிலேயே யுஜிசி எச்சரித்திருக்கிறது. வெறும் சர்டிஃபிகேட் படிப்பு அந்த அனுமதி விதிக்குள் வராது. அந்தச் சந்தில்தான் இவர்கள் வண்டி ஓட்டுகிறார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் செய்தேன். ஆறு வாரம் இழுத்தடித்து 40,000 திருப்பிக் கொடுத்தார்கள். தவணையை நிறுத்தினால் சிபில் கடன் மதிப்பெண் கெடும் என்பதால் மிச்சத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் துறையே ஏமாற்று இல்லை. ஐஐடி பம்பாயில் 2010 முதல் கல்வித் தொழில்நுட்பத்தில் பிஎச்டி இருக்கிறது. மும்பை எஸ்என்டிடி பெண்கள் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே துறை இருக்கிறது, நம் திருச்சி பாரதிதாசனிலும் இருக்கிறது. ஆசை இருக்கிறதா என்று பார்க்க மட்டும் என்றால் மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். இப்போது நான் அதைத்தான் செய்கிறேன். பழகிப் பார்க்க, எங்கள் பள்ளி ஆயாம்மாக்களுக்கு கேஸ் அடுப்புப் பாதுகாப்பு பற்றி ஐந்து நிமிடப் பாடம் ஒன்று, ஸ்டோரிபோர்டு காகிதத்தில், பென்சிலால்.

ரசீது எப்படி இருந்தது என்று பார்க்க நினைப்பவர்கள் கேளுங்கள், பெயர்களை மறைத்து அனுப்புகிறேன்.