சீன நகரங்களின் இரவு: சோங்சிங் முதலிடம், கிளப்புகளுக்குக் கடைசி இடம்

சீனாவில் நைட்லைஃப் எப்படி என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஷாங்காய், பெய்ஜிங் பார்களையும் கிளப்புகளையும் மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். என் பதில் வேறு. அந்த நாட்டு இரவில் அனுபவிக்க வேண்டியது எல்லாம் தெருவிலும் ஆற்றங்கரையிலும் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்ட சாப்பாட்டுக் கடைகளிலும் இருக்கிறது. கிளப்புக்குள் கிடைப்பது எந்த நாட்டிலும் கிடைக்கிற அதே சமாச்சாரம், விலை மட்டும் கூடுதல். பெய்ஜிங், ஷாங்காய், சியான், செங்டு, சோங்சிங், சாங்ஷா, குவாங்சோ என்று சுற்றியதில் எனக்குப் பட்டதை அப்படியே எழுதுகிறேன். போகப் போகிறவர்களுக்கு உதவும்.

முதலிடம் சோங்சிங்குக்கு, இதில் சந்தேகமே இல்லை. யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் கலக்கிற இடத்தில் மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் கட்டிய ஊர். தரைமட்டம் எது என்றே பிடிபடாது. மொட்டைமாடி என்று நினைத்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் கார் ஓடிக்கொண்டிருக்கும். லிசிபா ஸ்டேஷனில் மோனோரயில் ஒரு 19 மாடிக் கட்டடத்தின் நடுவில் புகுந்து வெளியே வருகிறது, அதே கட்டடத்தில் ஆட்கள் குடியும் இருக்கிறார்கள். இருட்டிய பிறகு ஹோங்யாதோங் போங்கள். ஆற்றை ஒட்டிய பாறைச் சரிவில், பழைய காலத்துத் தூண் வீடுகள் மாதிரி 2006இல் எழுப்பிய 11 அடுக்குக் கட்டடம். கீழ்த்தளத்தில் ஆற்றோரச் சாலையிலிருந்து நுழைந்து 11ஆவது தளத்தில் வெளியே வந்தால் அங்கேயும் ஒரு சாலை! உள்ளே இருக்கிற கடைகள் சுமார்தான், சாப்பாடும் சுற்றுலாக்காரர்களுக்கான சாப்பாடு, நேரத்தை அங்கே வீணாக்க வேண்டாம். விளக்கு போட்டதும் சியான்சிமென் பாலத்துக்கோ எதிர்க்கரைக்கோ போய் நின்று மொத்தமாகப் பாருங்கள், அதுதான் காட்சி. இரவு 11 மணி வாக்கில் விளக்கை அணைத்துவிடுவார்கள், அதற்குத் தகுந்தபடி கிளம்புங்கள்.

ஆனால் சோங்சிங்கை நான் முதலிடத்தில் வைப்பது விளக்குகளுக்காக இல்லை, மேஜையிலேயே சட்டியைக் கொதிக்க வைத்து முக்கிச் சாப்பிடுகிற ஹாட்பாட்டுக்காகவும் அதைச் சாப்பிடுகிற ஜனங்களுக்காகவும்தான். மாட்டுக் கொழுப்பை உருக்கி, அதில் காய்ந்த மிளகாயையும் சிச்சுவான் மிளகையும் கை நிறைய அள்ளிக் கொட்டி, 9 கட்டமாகப் பிரித்த ஒரு தட்டியை நடுவில் இறக்கிக் கொதிக்க விடுகிறார்கள். நடுக்கட்டத்தில் தீ அதிகம், சட்டென்று வேகிறதை அங்கே போட வேண்டும். மூலைக்கட்டங்களில் மெதுவாகக் கொதிக்கும், வாத்து ரத்தம், மூளை மாதிரி நேரம் எடுக்கிறதெல்லாம் அங்கே. மாட்டு இரைப்பைத் துண்டுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: குச்சியை விடாமல் 7 தடவை தூக்கி 8 தடவை முக்க வேண்டும், மொத்தம் 15 விநாடி, அதற்கு மேல் போனால் ரப்பர். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து மேஜையில் இருந்த ஓர் அம்மா. நான் அதைச் சட்டியில் போட்டுவிட்டுச் சும்மா இருந்ததைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து, என் குச்சியை வாங்கி, சத்தமாக எண்ணிக்கொண்டே முக்கிக் காட்டிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டார். எங்களுக்குள் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது.

காரம்தானே, நமக்குப் பழகினதுதானே என்று நினைப்பீர்கள். மிளகாய்க் காரம் பழகினது, சரி. அந்த மிளகு உதட்டையும் நாக்கையும் மரத்துப்போக வைப்பதுதான் புதுசு, முதல் சில நிமிஷம் ருசியே தெரியாது, கொஞ்சம் பொறுத்தால் அந்த மரமரப்புக்கு அடியில் இருந்து கொழுப்பும் பூண்டும் இறைச்சியும் ஒவ்வொன்றாகத் துலங்கி வரும். தொட்டுக்கொள்ளச் சின்ன டின்னில் எள்ளெண்ணெய் தருவார்கள், அதில் நசுக்கிய பூண்டு போட்டுக்கொள்ளுங்கள், சூடும் காரமும் இரண்டும் அடங்கும். முடிந்தால் மலையைக் குடைந்த பழைய பதுங்குகுழிகளில் நடக்கிற ஹாட்பாட் கடை ஒன்றுக்குப் போங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோங்சிங்தான் தற்காலிகத் தலைநகர், ஜப்பான் விமானங்கள் 1938 முதல் 1943 வரை குண்டு போட்டன, மக்கள் உயிர் பிழைக்க ஒளிந்த குழிகளில் இன்று குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கோடையில் வெளியே அனல் அடிக்கும்போது உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது. எனக்கு இரண்டு பேருக்கு 200 யுவானுக்குள் வயிறு நிறைந்தது. காலையில் 10, 15 யுவானுக்கு ஒரு கிண்ணம் சியாவ்மியான் நூடுல்ஸ், அதுவும் இதே காரத்தில், தெருவோரத்தில் உயரமான ஸ்டூலை மேஜையாக வைத்துத் தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிடுவது. அருமை.

செங்டு பக்கத்திலேயே இருக்கிறது, அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதே சிச்சுவான் ருசிதான், ஆனால் ஊரின் குணம் வேறு, அவசரமே இல்லாத ஊர். பகலில் மக்கள் பூங்காவில் இருக்கிற ஹெமிங் டீக்கடையில் மூங்கில் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டால் யாரும் எழுப்ப மாட்டார்கள், மூடி போட்ட கோப்பையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சீனா முழுவதற்கும் ஒரே நேரம், பெய்ஜிங் நேரம். மேற்கே இருக்கிற செங்டுவில் அதனால் கோடையில் 8 மணிக்குத்தான் இருட்டுகிறது, இரவும் தாமதமாகத் தொடங்குகிறது. ஜியுயென் பாலத்தை ஒட்டி ஆற்றோரம் வரிசையாகப் பார்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் யாராவது மைக் பிடித்துப் பாடுகிறார்கள், வாசலில் ஆள் நின்று கூப்பிடுகிறார்கள். நான் ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன், பாட்டு ஒன்றோடு ஒன்று மோதி எதுவும் காதில் நிற்கவில்லை. அதைவிட, கடையில் சில யுவானுக்கு ஒரு பியரை வாங்கிக்கொண்டு ஆற்றுப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிற இளைஞர் கூட்டத்தோடு உட்கார்வது நூறு மடங்கு மேல். குளிர்ந்த பியர் வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் அலமாரியில் இருக்கிறதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

சியான் பற்றி ஒரு விஷயம் முதலில்: ஹலால் பார்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஊர் சீனாவில் எனக்குத் தெரிந்து இல்லை. பெரிய மசூதியைச் சுற்றியிருக்கிற முஸ்லிம் தெருவில் ஹுய் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், ஆட்டு இறைச்சிக் கம்பிகள், மாட்டிறைச்சி வைத்த ரொட்டி, மாதுளைச் சாறு, பொரித்த சீமைப்பனிச்சைப் பழ அடை என்று தெரு முழுக்கப் புகையும் வாசனையும்தான். முக்கியச் சாலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், கூட்டமும் விலையும் அங்கேதான் அதிகம். பக்கவாட்டுச் சந்துகளில் நுழைந்தால் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுகிற கடைகள் கிடைக்கும். பாவ்மோ கேளுங்கள். கெட்டி ரொட்டியைக் கையில் கொடுப்பார்கள், அதை நீங்களே பட்டாணி அளவுக்குப் பிய்த்துக் கிண்ணத்தில் போட்டுத் தர வேண்டும், அப்புறம் உள்ளே எடுத்துப்போய் ஆட்டு ரசத்தில் போட்டுச் சமைத்துக் கொண்டுவருவார்கள். பெரிதாகப் பிய்த்தால் ரசம் உள்ளே இறங்காது என்று கடைக்காரரே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். இரவில் தாங் வம்சத்துக் காலத்தை நினைவுபடுத்தும்படி அமைத்த ஒரு நீளமான நடைபாதை வீதி இருக்கிறது, இளம்பெண்கள் அந்தக் காலத்து உடையை வாடகைக்கு எடுத்து, தலை அலங்காரம் எல்லாம் செய்துகொண்டு, கூடவே போட்டோ எடுப்பவரையும் அழைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் உலாவுகிறார்கள். புதிதாகக் கட்டிய இடம்தான், ஆனாலும் அவர்கள் சந்தோஷம் நிஜம். எனக்கு அதைவிடப் பிடித்தது மிங் காலத்து நகர மதில், கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர், அதன் மேலேயே சைக்கிள் வாடகைக்கு எடுத்துச் சுற்றி வரலாம், சாயங்காலத்தில் போங்கள்.

ஹூனான் மாகாணத்துத் தலைநகர் சாங்ஷா, பலருக்கும் தெரியாத பெயர். தூங்காத ஊர் என்றால் அதுதான். நள்ளிரவு தாண்டியும் வூயி சதுக்கத்தைச் சுற்றி நடக்க இடம் இல்லை, கறுப்பு நிறத்தில் பொரித்த நாற்றத் தோஃபுவும் காரமான கிரேஃபிஷும் (நன்னீர்ச் சிங்கி இறால்) கையில் வைத்துக்கொண்டு ஊரே சுற்றுகிறது. ஹூனான் காரம் நேரடியான மிளகாய்க் காரம், மரத்துப்போகாது, நம் நாக்குக்கு உடனே பிடிபடும். தோஃபுவின் வாசனை எனக்கு ஒத்துவரவே இல்லை, முயன்று பார்த்தேன், போதும்.

இனி ஷாங்காய். பண்ட் நடைபாதையில் நின்று ஹுவாங்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதோங் கோபுரங்களைப் பார்ப்பது பணம் கொடுக்காமல் கிடைக்கிற பெரிய காட்சி, அதை விடவே கூடாது, 10 மணி வாக்கில் விளக்குகள் அணையத் தொடங்கும் என்பதால் முன்னதாகப் போங்கள். அடிப்பக்கம் மொறுமொறுவென்று பொரிந்து உள்ளே சூடான சாறு நிற்கிற, பன்றி இறைச்சி பொதிந்த ஷெங்ஜியான் பன்னும் அந்த ஊருக்கே உரியது. கிளப் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். ஒரு பெரிய கிளப் வாசலில் ஐரோப்பியர் நான்கு பேரை இலவசமாக உள்ளே விட்டுவிட்டு, எங்களிடம் மட்டும் மேஜை எடுத்தால்தான் அனுமதி என்றார்கள், மேஜைக்குக் குறைந்தபட்சத் தொகை ஆயிரக்கணக்கான யுவான். இது நடக்கிறது, மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. வேறொரு கிளப்புக்குள் போனபோது அங்கே யாரும் ஆடக்கூட இல்லை, எல்லா மேஜையிலும் கோப்பைக்குள் பகடைகளைக் குலுக்கிக் கவிழ்த்து, தோற்றவர் குடிக்கிற விளையாட்டுதான், அதையும் நண்பர் கூட்டத்தோடு போனால்தான் ரசிக்கலாம். நாஞ்சிங் சாலையில் இளைஞர்கள் இருவர் நல்ல ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்து, தேநீர் விருந்துக்கு வாருங்கள் என்று அழைத்தால் சிரித்துக்கொண்டே நடையைக் கட்டுங்கள். உள்ளே போனால் சில கோப்பைத் தேநீருக்குக் கொள்ளை பில் நீட்டுவார்கள், பல வருடமாக நடக்கிற ஏமாற்று இது, பெய்ஜிங்கில் வாங்ஃபுஜிங் பக்கமும் உண்டு.

பெய்ஜிங்கில் இரவுக்கு குய் ஜியே தெரு போதும், சிவப்பு விளக்குத் தோரணமும் விடிய விடிய கிரேஃபிஷும். ஹௌஹாய் ஏரிக்கரைப் பார்கள் இரைச்சல், கூப்பிட்டுக் கையைப் பிடிக்காத குறை.

குவாங்சோவில் காரத்துக்கு ஓய்வு. நள்ளிரவுச் சாப்பாடு அங்கே ஒரு தனிப் பழக்கம்; மீனும் நிலக்கடலையும் போட்ட படகுக் கஞ்சி, மண்சட்டிச் சோறு, பாலாடை படிந்த இரட்டைத்தோல் பால், எல்லாமே வயிற்றுக்கு இதமானவை. 600 மீட்டர் கோபுரத்துக்கு மேலே ஏறப் பணம் கொடுப்பதைவிட முத்து ஆற்றங்கரையில் நடந்தாலே அது நிறம் மாறுவதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜனங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எல்லா ஊரிலும் சாயங்காலம் ஆனதும் சதுக்கங்களில் நடுத்தர வயதுப் பெண்கள் ஸ்பீக்கர் வைத்து வரிசையாக ஆடுகிறார்கள், ஓரமாக நின்று பார்த்தால் கையைப் பிடித்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். தாத்தா பாட்டி, பேரக்குழந்தை எல்லோரும் 10 மணிக்கு மேலும் வெளியே இருப்பார்கள், பெண்கள் தனியாகச் சாதாரணமாக நடந்துபோகிறார்கள், இந்தப் பயமற்ற இரவு எனக்கு மிகவும் பிடித்தது. உற்றுப் பார்ப்பார்கள், கேட்காமல் போட்டோ எடுப்பார்கள், சிலருக்கு அது எரிச்சலாக இருக்கலாம். இந்தியா என்றதும் ஆமிர் கான் பெயரைச் சொன்னவர்கள் நிறைய. வரிசையில் முந்துகிறவர்களும், ரயிலில் சத்தமாக வீடியோ ஓட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் வழி கேட்டால் செல்போன் மொழிபெயர்ப்பைத் திறந்து, நம்மை அந்த இடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் திரும்புகிறார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கஷ்டம்தான். என்னோடு வந்த நண்பர் சைவம். மாப்போ தோஃபுவில் கொத்துக்கறி இருக்கும், வறுத்த பீன்ஸிலும் பெரும்பாலும் இருக்கும், சோங்சிங் ஹாட்பாட்டின் அடிப்படையே மாட்டுக் கொழுப்பு என்பதால் அதில் காய்கறி போட்டாலும் பயனில்லை. இறைச்சி, மீன், விலங்குக் கொழுப்பு, இறைச்சி ரசம் எதுவும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சீன மொழியில் எழுதி வைத்துக் காட்டுங்கள். புத்தக் கோவில்களை ஒட்டிய உணவகங்கள்தான் நம்பிக்கையானவை, செங்டுவில் வென்ஷு மடத்தில் சாப்பிட்ட சைவச் சாப்பாட்டை நான் அசைவக்காரனாக இருந்தும் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், குடைமிளகாய் மூன்றையும் சேர்த்து வதக்கிய ஒரு பதார்த்தம் பல கடைகளில் கிடைக்கும், முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தக்காளி முட்டையும் எங்கும் உண்டு.

கிளம்புவதற்கு முன்பே அலிபே, வீசாட் என்ற பணம் செலுத்தும் ஆப்கள் இரண்டையும் போனில் போட்டு, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து, கிரெடிட் கார்டை இணைத்துவிடுங்கள். தெருவோரச் சோளம் விற்கிறவர்கூட கியூஆர் அட்டைதான் வைத்திருக்கிறார். ஒரு தடவைக்கு 200 யுவானுக்குள் செலுத்தினால் கூடுதல் கட்டணம் இல்லை, மேலே போனால் 3 சதவீதம் பிடிப்பார்கள். வாட்ஸ்அப், கூகுள் எதுவும் ஓட்டல் வைஃபையில் திறக்காது. வெளிநாட்டு ரோமிங் சிம்மில் திறக்கும். மெட்ரோ 11 மணிக்கு முன்னும் பின்னுமாக நின்றுவிடும், அதற்குப் பிறகு டிடி என்ற டாக்ஸி ஆப்தான். டிப்ஸ் வைக்க வேண்டாம், வாங்க மாட்டார்கள்.

நாள் பார்ப்பது முக்கியம். அக்டோபர் 1இல் தொடங்குகிற தேசிய தின விடுமுறையிலும் மே தின விடுமுறையிலும் போகவே வேண்டாம். ரயில் டிக்கெட் கிடைக்காது, ஓட்டல் விலை எகிறும். ஹோங்யாதோங்குக்கு எதிரே இருக்கிற சியான்சிமென் பாலத்தை அந்த நாட்களில் வாகனங்களுக்கு மூடி, நடந்து வருகிறவர்களுக்கே விட்டுவிடுகிறார்கள், அந்த அளவுக்குக் கூட்டம்.